அறிவிப்பு தவறலாம், கதவு தவறக் கூடாது

சென்னை மெட்ரோ ரயில் ஆலந்தூரை நெருங்கும்போது அறிவிப்பில் வேறு நிலையத்தின் பெயர் வந்தால் என்ன ஆகும்? சிலர் குழம்புவார்கள், சிலர் சிரிப்பார்கள். அதே ரயில் நடைமேடை இல்லாத பக்கம் கதவைத் திறந்தால்? இரண்டுமே மென்பொருளின் வேலைதான். ஆனால் இரண்டையும் ஒரே கண்டிப்போடு எழுதினால் கட்டுப்படியாகாது.

அதனால் முதல் கேள்வி, பிழை வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதுதான். ரயில் துறையில் இதற்கு 'சில்' (SIL, பாதுகாப்பு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல்) என்ற நான்கு நிலைகள் உண்டு. ரயில்கள் மோதாமல் தடுக்கும் நம் 'கவச்' அமைப்பு உச்சமான நான்காம் நிலையைச் சேர்ந்தது. அந்த நிலையில் ஆபத்தான கோளாறு 10 கோடி மணி நேரத்துக்கு ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது சுமார் 11,400 ஆண்டுகள்! ஓட்டிப் பார்த்து இதை நிரூபிக்க யாராலும் முடியாது. மேலும் மென்பொருள் தேய்ந்து பழுதாவதில்லை. அதிலுள்ள பிழை பெரும்பாலும் எழுதிய நாளிலேயே உள்ளே புகுந்தது. ஆகவே தரநிலைகள் அது எப்படி எழுதப்பட்டது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதைத் துருவுகின்றன.

விமான மென்பொருளுக்கான டிஓ-178சி (DO-178C) என்ற தரநிலை இதில் கறாரானது. பிழை விமானத்தையே வீழ்த்தக்கூடும் என்றால் ஏ நிலை. எந்தப் பாதிப்பும் இல்லை என்றால் இ நிலை. நிறைவேற்றிக் காட்ட வேண்டியவை ஏ-வுக்கு 71 இலக்குகள், பி-க்கு 69, சி-க்கு 62, டி-க்கு 26, இ-க்கு ஒன்றுமில்லை. எண்ணிக்கையில் ஏ-வும் பி-யும் ஒட்டி நின்றாலும் சோதனையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அதைப் பார்க்க ரயில் கதவையே எடுத்துக்கொள்வோம். எளிமையாகச் சொன்னால், மூன்றும் சேர்ந்தால்தான் கதவு திறக்க வேண்டும்: ரயில் நின்றிருக்க வேண்டும், அந்தப் பக்கம் நடைமேடை இருக்க வேண்டும், பொத்தான் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். நிரலர் கைதவறி, நடைமேடை 'அல்லது' பொத்தான் என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். சி நிலையில் ஒவ்வொரு வரியும் ஒருமுறை ஓடினால் போதும். பி நிலையில் முடிவு 'திற', 'திறக்காதே' என இரு பக்கமும் போக வேண்டும். மூன்றும் சரி, கதவு திறந்தது. ரயில் ஓடுகிறது, திறக்கவில்லை. இந்த இரண்டு சோதனைகளிலேயே பி நிலையின் அளவு நிறைவாகிவிடும், பிழையோ அப்படியே இருக்கும். ஏ நிலையில் ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக முடிவை மாற்றுகிறது என்று காட்டியாக வேண்டும். குறைந்தது நான்கு சோதனைகள். ரயில் நின்றிருக்க, நடைமேடை இல்லாத பக்கம் பொத்தானை அழுத்திப் பார்க்கும்போது குட்டு உடைந்துவிடும்.

ஓஎம்ஆரில் உணவு விநியோகச் செயலி எழுதுபவரை இப்படியெல்லாம் வதைப்பது வீண். சாம்பார் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே என்றால், நிலை என்பது நிரலோடு ஒட்டிப் பிறந்ததல்ல. தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது; சிலர் இறந்தார்கள். அதிலிருந்த பிழைகளில் ஒன்று முந்தைய தெராக்-20 கருவியிலும் இருந்தது. ஆனால் அங்கே தனி மின்சுற்றுக் காவல் இருந்ததால் ஃப்யூஸ் போனதோடு சரி. புதுக் கருவியில் அந்தக் காவலை நீக்கி, பொறுப்பை மென்பொருளின் தலையில் கட்டினார்கள். 2006-இல் வந்த மருத்துவ மென்பொருள் தரநிலை இந்த உறவை விதியாகவே எழுதியது: வெளியே வன்பொருள் காவல் இருந்தால் வகுப்பை (நிலைக்கு அங்கே அந்தப் பெயர்) ஒரு படி இறக்கிக்கொள்ளலாம் என்றது.