வளைந்த கழுத்து பாட்டிலில் பீச்சாங்குழல் வேண்டாம்

கண்ணில் ஆசிட் பட்டு என்னிடம் வந்ததில், இந்த மே மாதத்தில் மட்டும் இது மூன்றாவது பிள்ளை. ஆறு வயதுப் பையன், அம்மா மடியில் சுருண்டு, வலது கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கீழ் இமையை இழுத்து லிட்மஸ் தாளை வைத்தேன். நீலத்தாள் சிவந்தது. கண்ணில் பட்டு ஒரு மணி நேரம் ஆகியும் உள்ளே ஆசிட் இருக்கிறது.

கழிவறை கழுவும் ஆசிட் திரவம் வந்த காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பீச்சாங்குழலாக்கியிருக்கிறார்கள். கழுத்து வளைந்திருப்பதால் குறி தவறாமல் பீய்ச்சும், லீவில் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? அண்ணன் அழுத்தினான், தம்பி கண்ணில் பட்டது.

"மூணு தடவை கழுவிட்டுத்தான் குடுத்தோம் டாக்டர்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தத் திரவத்தைக் கொழகொழவென்று செய்வதே பீங்கானில் வழுக்காமல் ஒட்டி நிற்கத்தான். பாட்டிலிலும் அப்படித்தான் ஒட்டும். அவர்கள் கொண்டுவந்த பாட்டிலின் வாயில் செருகியிருந்த சின்ன பிளாஸ்டிக் மூக்கை நெம்பிக் கழற்றினேன்; உள்விளிம்பைச் சுற்றி நீலமாகத் தேங்கியிருந்தது. நீங்கள் ஊற்றிக் குலுக்கும் தண்ணீர் நடுவழியாக ஓடிவிடும். பிள்ளை ஓங்கி அழுத்தும்போதுதான் விளிம்பில் இருப்பது பிய்த்துக்கொண்டு வரும். சோப்புப் போட்டாலும், வெயிலில் காயவைத்தாலும் இதே கதைதான். வாசனை போய்விட்டது என்பதால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

குழாய் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா டப்பா, சுண்ணாம்பு டப்பா இன்னும் மோசம். இவற்றில் இருப்பது காரம் (அல்கலி), அது ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும். கண் சிவக்காமல் வெளுத்திருந்தால் வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். எங்களுக்கு அப்போதுதான் பயமே. ரத்த ஓட்டம் நின்றுபோன வெளுப்பு அது.

பட்டுவிட்டால் தாய்ப்பால் வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம். இந்தப் பையனுக்குத் தாய்ப்பால் தேடித் தெருவில் அலைந்ததில்தான் அந்த ஒரு மணி நேரம் போனது. குழாய்த் தண்ணீர் போதும். பட்ட கண் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, இமையை விரலால் விலக்கிப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஊற்றுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடமாவது. பிள்ளை கதறும், விடாதீர்கள். அப்புறம் கண் மருத்துவரிடம் ஓடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. குடிதண்ணீர் பாட்டில் மூடியில் பெரியவர் யாராவது ஊசியைச் சூடாக்கி ஓட்டை போட்டுத் தரலாம். கொட்டாங்குச்சியில் நாலு துளை போட்டுக் கயிறு கட்டினால் ஷவர். பப்பாளித் தண்டு என்றால் பால் வடியவிட்டு நன்றாகக் கழுவிக் கொடுங்கள், அந்தப் பாலும் கண்ணைப் புண்ணாக்கும். யாரோ வீசிய சிரிஞ்சைத் தொடவே விடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். தவழும் பிள்ளை மூழ்க அரை வாளித் தண்ணீர் போதும்.

பையனின் கருவிழியில் மேல்தோல் உரிந்திருக்கிறது. சொட்டு மருந்து எழுதி, நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறேன். கதவோரம் நின்றிருந்த அண்ணன்காரன் போகும்போது கேட்டான்: "தம்பிக்குக் கண்ணு தெரியும்ல?"