ஷின்ஷூக்யோ: புதுமதமா, புதுச்சமயமா?

ஜப்பான் அரசியலைத் தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் சொல் இது. ஒருவர் 'புதிய மதம்' என்கிறார், இன்னொருவர் ஆபத்தான மதக்குழு என்ற பொருளில் 'கல்ட்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டும் ஒன்றில்லை.

பிரித்துப் பார்த்தால் ஷின் என்றால் புது, ஷூக்யோ என்றால் மதம். ஆனால் அந்த ஷூக்யோவுக்கே மதம் என்ற பொருள் பிற்பாடு ஏறியதுதான். ஷூ என்பது பௌத்தத்தில் ஒரு பிரிவு அல்லது அதன் மூலக்கொள்கை, க்யோ என்பது போதனை. பௌத்த நூல்களில் கிடந்த இந்தக் கூட்டை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேல்நாட்டுக்காரர்களோடு ஒப்பந்தம் போடும்போது 'ரிலிஜன்' என்பதற்கு ஒரு சொல் தேவைப்பட்டதால் எடுத்துக்கொண்டார்கள், மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868-1912) அதுவே நிலைத்துவிட்டது.

சரி, எதைப் புதுசு என்கிறார்கள்? நகயாமா மிகி என்ற பெண் தொடங்கிய தென்ரிக்யோ 1838இல் பிறந்தது. நாரா மாகாணத்தில் அதன் பெயரிலேயே தென்ரி என்று ஒரு நகரம் இருக்கிறது. அதுவும் 'புதுசு'தான். புதுக்கோட்டை இன்றைக்கும் புதுக்கோட்டைதானே, அந்த மாதிரி.

இந்த வகைக்கு முன்பு இருந்த பெயர்களைப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன் அதிகாரிகள் 'ருய்ஜி ஷூக்யோ' என்றார்கள்: மதம் மாதிரி ஒன்று, மதம் இல்லை. அப்படிப் பெயர் வைத்தபின் கை வைப்பது சுலபம். ஓமோதோ என்ற இயக்கத்தின் கட்டடங்களை 1935 டிசம்பரில் தொடங்கிய ஒடுக்குமுறையில் வெடிவைத்தே தகர்த்தார்கள். போருக்குப் பின் பத்திரிகைகள் 'ஷின்கோ ஷூக்யோ' என்று எழுதின, அதாவது புதிதாகத் தலைதூக்கிய மதம். நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான் என்கிற ஏளனம் அதில் உண்டு. அந்த நடு 'கோ'வை ஆய்வாளர்கள் எடுத்துவிட்டதால் மிஞ்சியதுதான் ஷின்ஷூக்யோ. 'கல்ட்' என்பதன் ஜப்பானிய ஒலிப்பான 'கருதோ' பரவலாகப் புழங்கியது 1995க்கு அப்புறம். அந்த மார்ச் 20ஆம் தேதி தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோவின் பெயரில் இருப்பது நம்முடைய அதே ஓம்தான். ஐந்து வருஷம் முன்னால், 1990இல், இவர்கள் 25 பேரை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தி, தலைவரின் முகம் போன்ற முகமூடியும் யானைத் தொப்பியும் போட்டு ஆடிப்பாடி வாக்குக் கேட்டு எல்லா இடத்திலும் தோற்றார்கள்.

அரசியலில் ஜெயித்தது வேறு கூட்டம். சோகா கக்காய் என்றால் 'மதிப்பைப் படைக்கும் கழகம்', 1930இல் தொடங்கியது. ஷிந்தோ மதத்தின் இசே ஆலயத் தாயத்தை ஏற்க மறுத்ததற்காகப் பிடிக்கப்பட்ட அதன் நிறுவனர் மகிகுச்சி 1944இல் சிறையிலேயே இறந்தார். அப்படிப்பட்ட அமைப்பு 1964இல் கோமெய்தோ கட்சியைத் தொடங்கியது. எந்த மத அமைப்பும் அரசியல் அதிகாரம் செலுத்தக்கூடாது என்று அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு சொல்வதால் விமர்சனம் கிளம்பி, 1970இல் கட்சியும் கழகமும் வேறு வேறு என்று அறிவித்தார்கள். காகிதத்தில் வேறுதான். ஆனால் பல வருஷம் பேசாத பள்ளித்தோழி திடீரென்று போன் பண்ணி நலம் விசாரித்தால், தேர்தல் வருகிறது போல என்று நினைப்பது ஜப்பானில் பழகிப்போன ஒன்று. உறுப்பினர்கள் நண்பர்களிடம் திரட்டும் இந்த வாக்குக்கு 'எஃப்' என்றே பெயர், 'ஃபிரெண்டு' என்பதன் முதல் எழுத்து. 1999இல் ஆளும் தாராளவாத ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்த கோமெய்தோ 2025 அக்டோபரில்தான் விலகியது.

கொரியாவிலிருந்து வந்த யூனிஃபிகேஷன் சர்ச் தனிக்கட்சி தொடங்கவில்லை, தாராளவாத ஜனநாயகக் கட்சிக்குள் புகுந்தது. கம்யூனிச எதிர்ப்புதான் நுழைவுச்சீட்டு. முன்னோர் பாவம் தொலைய என்று சொல்லிப் பூச்சாடியையும் முத்திரைக்கட்டையையும் கொள்ளை விலைக்கு விற்ற வியாபாரத்துக்கு ஜப்பானில் 'ரெய்கான் ஷோஹோ' என்று பெயர். பரிகார வியாபாரம் என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும். 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டபோது, சுட்டவர் சொன்ன காரணம், தன் அம்மா அந்தச் சபைக்குக் கொடுத்த சுமார் 10 கோடி யென்; அபேக்குச் சபையோடு தொடர்பு உண்டு என்று அவர் நம்பினார். கட்சி தன் எம்.பி.க்களிடம் விசாரித்ததில் 379 பேரில் 179 பேருக்குச் சபையோடு ஏதாவது தொடர்பு இருந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். மதம் என்பது 'கருத்து' என்று பொருள்படும் வடசொல். யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு வடசொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் 'புதுமதம்' கேட்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது. நெறி நல்ல தமிழ், ஆனால் 'புதுநெறி' என்றால் ஒழுக்கப் பாடம் மாதிரி ஒலிக்கும். மணிமேகலையிலேயே சமயக்கணக்கர் வந்து அவரவர் கொள்கையைச் சொல்கிறார்கள், பல கொள்கைகளை ஒரே வரிசையில் நிறுத்தப் பழகிய சொல் 'சமயம்'. என் ஓட்டு புதுச்சமயத்துக்கு, இயக்கமாகச் சொல்லும்போது புதுச்சமய இயக்கம்.

கூடவே இன்னொன்று: ஷூக்யோ நிசெய். நிசெய் என்றால் இரண்டாம் தலைமுறை. இப்படிப்பட்ட குடும்பங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் குறித்து 2022இல் நாடெங்கும் பேசப்பட்டது. அப்பா தொகுதியில் நிற்கும் எம்.பி.யையும் ஜப்பானியர் 'நிசெய்' என்றே சொல்வார்கள், அங்கே 'வாரிசு' கச்சிதம். இந்தப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது, அவர்கள் வீட்டில் பெற்றது பெரும்பாலும் கடன். 'சமயவீட்டுப் பிள்ளைகள்' என்று எழுதிப் பார்க்கிறேன்.