சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம்: யூபிஐ–பேநவ் இணைப்பைப் புரிந்துகொள்வோம்

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனால், மளிகை, சாப்பாடு, ஊர்க்காரர்களைப் பார்ப்பது இவற்றோடு இன்னொரு வேலையும் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். கடைக்குக் கடை ரேட் பலகையைப் பார்த்து, வரிசையில் நின்று, ஃபாரம் நிரப்பி, ரசீதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் போடுவார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் அப்படி வந்த பணத்தில் படித்தவர்களும் வீடு கட்டியவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான்.

2023 பிப்ரவரி 21-ஆம் தேதி இந்தியாவின் உடனடிப் பண முறையான யூபிஐயும் சிங்கப்பூரின் அதே மாதிரி முறையான பேநவ்வும் இணைக்கப்பட்டன. இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளியில் பார்த்துக்கொண்டிருக்க, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் அன்றைய நிர்வாக இயக்குநர் ரவி மேனனும் கைப்பேசியிலிருந்தே முதல் பணத்தை அனுப்பிக் காட்டினார்கள். அன்று செய்தியாகப் பார்த்ததோடு சரி, தங்கள் வீட்டுக்கும் இது பயன்படும் என்று பலர் இன்னும் நினைக்கவில்லை. நினைத்தவர்களுக்கும் "யூபிஐ இப்போது வெளிநாட்டிலும் வேலை செய்கிறதாமே" என்பதற்கு மேல் தெளிவு இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

கடையில் ஸ்கேன் செய்வது வேறு, வீட்டுக்கு அனுப்புவது வேறு

சுற்றுலா போன இந்தியர் வெளிநாட்டுக் கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து தன் இந்தியக் கணக்கிலிருந்து பணம் கட்டுவது முதல் வகை. பூடானில் 2021-இலேயே இது வந்தது. நேபாளத்தில் 2024 மார்ச்சில் ஃபோன்பே என்ற அந்நாட்டு வலையமைப்பு வழியாக வந்தது. (நம் ஊர் போன்பே நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர் மட்டும்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறது.) இலங்கையில் 2024 பிப்ரவரி 12 முதல், லங்கா க்யூஆர் அட்டை உள்ள கடைகளில் இந்தியப் பயணிகள் யூபிஐ மூலம் கட்டலாம்.

இலங்கையைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "யாழ்ப்பாணத்தில் இருக்கும் அத்தைக்கு யூபிஐயில் பணம் போடலாமா?" முடியாது. அங்கே இருப்பது கடையில் கட்டும் வசதி. இந்தியக் கணக்கு உள்ளவர் கொழும்பில் சேலை வாங்கலாம், ஹோட்டல் பில் கட்டலாம். உறவினரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போட அந்த வழி அமைக்கப்படவில்லை.

இரண்டாவது வகைதான் ஒரு தனி மனிதரின் கணக்கிலிருந்து இன்னொரு தனி மனிதரின் கணக்குக்கு அனுப்புவது. யூபிஐ–பேநவ் இணைப்பு இந்த வகை.

உள்ளே என்ன நடக்கிறது

இரண்டும் ஒரே யோசனையில் பிறந்தவை. பேநவ் 2017-இலும் யூபிஐ அதற்கு ஒரு வருடம் முன்பும் வந்தன. கணக்கு எண்ணும் வங்கிக் கிளையின் குறியீடும் இல்லாமல், கைப்பேசி எண் அல்லது ஒரு சின்ன முகவரியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, அந்த நொடியே பணத்தைச் சேர்ப்பதுதான் அந்த யோசனை. ஆனால் ஒவ்வொன்றும் தன் நாட்டு எல்லைக்குள்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். தஞ்சாவூர் யூபிஐ ஐடி யாருடையது என்று பேநவ்வுக்குத் தெரியாது. இப்போதைய இணைப்பு, இந்த இரு முகவரிப் புத்தகங்களையும் ஒன்றோடொன்று பேச வைத்திருக்கிறது.

மகன் சிங்கப்பூரில் தன் வங்கிச் செயலியைத் திறக்கிறார். பேநவ்வில் வெளிநாட்டுப் பகுதிக்குப் போய் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் யூபிஐ ஐடியை இடுகிறார். திரையில் அம்மாவின் பெயர் வருகிறது. எத்தனை டாலர், என்ன ரேட், அங்கே எத்தனை ரூபாய் விழும் என்று அனுப்பும் முன்பே காட்டிவிடுகிறது. ஒப்புதல் கொடுத்ததும் அம்மாவின் கணக்கில் ரூபாயாகவே வரவு வைக்கப்படுகிறது. இரவு இரண்டு மணியானாலும் தீபாவளியானாலும் நடக்கும். வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பது பின்னால் தனியாக நடக்கும். அதற்காக அம்மா காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய முறையில் பணம் ஒரு வங்கியிலிருந்து இடையில் உள்ள வங்கிகளைத் தாண்டி வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் நேரமும் சில சமயம் கொஞ்சம் பணமும் போகும். உலக அளவில் சராசரியாக, வீட்டுக்கு 100 ரூபாய் அனுப்பினால் 6 ரூபாய்க்கு மேல் செலவிலேயே கரைந்துவிடுகிறது. 2030-க்குள் இதை 3 ரூபாய்க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சி இலக்குகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கட்டுமான வேலையில் வெயிலில் நின்று சம்பாதித்த காசு வழியிலேயே குறைவது எனக்கு எப்போதும் மனதை உறுத்தும் விஷயம். அதனால்தான் இந்த இணைப்பைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்த வங்கி, எவ்வளவு, எதற்கு

சிங்கப்பூர்ப் பக்கம் தொடக்கத்திலிருந்தே இருப்பவை டிபிஎஸ் வங்கியும், வங்கி அல்லாத லிக்விட் குரூப் நிறுவனமும். பிஓஎஸ்பி, டிபிஎஸ்ஸின் பகுதி. ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் ஆட்களில் பலருக்குச் சம்பளம் ஏறுவது பிஓஎஸ்பி கணக்கில்தான் என்பதால் இது நல்ல பொருத்தம்.

இந்தியப் பக்கம் முதலில் 6 வங்கிகள் இருந்தன: ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ், டிபிஎஸ் இந்தியா. 2025 ஜூலை 17 முதல் இன்னும் 13 சேர்ந்து 19 ஆனது. கனரா வங்கி, பேங்க் ஆஃப் பரோடா, எச்டிஎஃப்சி, ஃபெடரல் வங்கி, சவுத் இந்தியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி எல்லாம் அப்போது வந்தவை. இந்தப் பட்டியலில் சில வங்கிகளில் பணம் வாங்க மட்டும் முடியும், சிலவற்றிலிருந்து அனுப்பவும் முடியும்.

ஊரில் யாரைக் கேட்டாலும் "ஜீபே நம்பருக்கு அனுப்பு" என்றுதான் சொல்வார்கள். இங்கே அது போதாது. யூபிஐ ஐடி வேண்டும், அதாவது நடுவில் '@' குறி உள்ள முகவரி. அந்த ஐடி இந்த 19 வங்கிகளில் ஒன்றின் கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும். செயலியும் முக்கியம். பீம், போன்பே, பேடிஎம், அப்புறம் சில வங்கிகளின் சொந்தச் செயலிகளில் இந்த வரவு வரும். அம்மாவின் கணக்கு ஊர் கூட்டுறவு வங்கியில் மட்டும் இருந்தால், பட்டியலில் உள்ள ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்துவைப்பது நல்லது.

ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்பு 60,000 ரூபாய். தொடங்கிய காலத்து ரேட்டில் சுமார் 1,000 சிங்கப்பூர் டாலர். மாத வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், அவசர ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் இது போதும். மனை வாங்கவோ கல்யாணத்துக்கு மொத்தமாக அனுப்பவோ இது சரிப்படாது, அதற்கு வழக்கமான வங்கி வழியே போங்கள்.

அனுப்புவதற்கான காரணமும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு இரண்டுக்கு மட்டும்தான் அனுமதி. வியாபாரச் சரக்குக்குக் காசு, கடை பாக்கி, கல்லூரிக்கு நேரடிக் கட்டணம் இவையெல்லாம் இதில் வராது. சிங்கப்பூரில் படிக்கும் மகளுக்கு அப்பா இந்தியாவிலிருந்து செலவுக்குப் பணம் போடலாம், அது பராமரிப்பு. அப்படி இந்தியாவிலிருந்து போகும் பணம், இந்தியர் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய 2,50,000 அமெரிக்க டாலர் வரம்புக்குள் கணக்கில் சேரும்.

வரி பற்றிய பயமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. மகன், மகள், கணவர், மனைவி, உடன்பிறந்தவர் போன்ற உறவினரிடமிருந்து வரும் அன்பளிப்புக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அந்தத் தொகை வருமானமாகக் கருதப்படும். தொழிலாளர் தங்கும் டார்மிட்டரியில் "என் கணக்கில் சிக்கல், உன் கணக்கிலிருந்து என் வீட்டுக்கு அனுப்பிவிடு" என்று நண்பர்கள் கேட்பது சகஜம். நல்ல மனதோடுதான் செய்கிறோம், ஆனால் வாங்கும் வீட்டுக்கு அது உறவினர் அனுப்பிய பணம் ஆகாது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கு வைத்திருப்பவர்தான். அவரவர் பணத்தை அவரவர் கணக்கிலிருந்தே அனுப்புங்கள்.

ரேட் பலகையை எப்படி ஒப்பிடுவது

செயலிதான் எப்போதும் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பணம் அனுப்பும் கடையில் சிங்கப்பூர் டாலருக்கு 65.20 ரூபாய், கட்டணம் 5 டாலர். செயலியில் 64.70 ரூபாய், கட்டணம் இல்லை. 300 டாலர் அனுப்பினால் கடை வழியாக வீட்டுக்கு 19,234 ரூபாய் சேரும், செயலியில் 19,410. செயலி 176 ரூபாய் அதிகம் தருகிறது. அதே ரேட்டில் 900 டாலர் என்றால் கடையில் 58,354, செயலியில் 58,230. இப்போது கடை 124 ரூபாய் முன்னால் நிற்கிறது.

அதனால் ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள், "கட்டணமே இல்லை" என்ற வார்த்தையையும் மட்டும் நம்பாதீர்கள். கையை விட்டு இத்தனை டாலர் போனால் வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரே எண்ணை இரண்டு பக்கமும் கேளுங்கள். சின்னத் தொகைகளை அடிக்கடி அனுப்புகிறவருக்கு நிலையான கட்டணம் இல்லாத வழிதான் பெரும்பாலும் லாபம். உரிமம் பெற்ற கடைகள் நம்பகமானவைதான், அவற்றை ஒதுக்கத் தேவையில்லை. உரிமம் இல்லாத ஆட்கள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் வழி மட்டும் வேண்டவே வேண்டாம். ரசீது கிடையாது, காசு தொலைந்தால் போலீசிடம் போகக்கூட வழி இருக்காது.

மலேசியாவும் தாய்லாந்தும்

இப்படி இரு நாடுகளின் உடனடிப் பண முறைகளை உலகிலேயே முதலில் இணைத்தவை சிங்கப்பூரும் தாய்லாந்தும், 2021 ஏப்ரல் 29-இல். தாய்லாந்தின் முறைக்குப் பெயர் பிராம்ப்ட்பே. மலேசியாவின் டியூட்நவ் 2023 நவம்பர் 17-இல் பேநவ்வோடு சேர்ந்தது, நாளொன்றுக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் அல்லது 3,000 ரிங்கிட் வரை. ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று தினமும் பாலம் தாண்டும் குடும்பங்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு ஜோடி நாடாக இணைத்துக்கொண்டே போவதில் ஒரு சிரமம் உண்டு. 5 நாடுகள் என்றால் 10 இணைப்புகள், 10 நாடுகள் என்றால் 45. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சுவார்த்தை, தனி மென்பொருள். யூபிஐ–பேநவ் திட்டத்தையே 2021 செப்டம்பரில் அறிவித்து 2023-இல்தான் திறக்க முடிந்தது. இதற்காகத்தான், பல நாட்டு மத்திய வங்கிகளுக்குப் பொதுவான சர்வதேச தீர்வு வங்கி 'நெக்சஸ்' என்ற பொது மேடையை வடிவமைத்தது. ஒரு நாடு அதில் ஒருமுறை சேர்ந்தால் அதில் உள்ள எல்லா நாடுகளோடும் சேர்ந்த மாதிரி. மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றோடு 2024-இல் இந்தியாவும் கைகோத்தது. அது முழுதாக இயங்கினால் கோலாலம்பூரிலிருந்தும் காரைக்குடிக்கு இதே மாதிரி அனுப்பலாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

முதல் முறை அனுப்பும்போது

உடனே சேரும் பணம் உடனே திரும்பாது. தப்பான ஐடிக்குப் போய்விட்டால், அதை வாங்கியவர் சம்மதிக்காமல் மீட்பது கடினம். வங்கியில் புகார் கொடுத்து அலைய வேண்டியிருக்கும். ஆகவே ஐடியை வாய்மொழியாகக் கேட்டு எழுதாமல், அம்மாவின் செயலியிலிருந்தே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திரையில் வரும் பெயர் பாஸ்புக்கில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதலில் 10 டாலர் மட்டும் அனுப்பி, கணக்கில் விழுந்ததா என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

ஊரில் இருப்பவர்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. "உங்கள் பையன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம் நிற்கிறது, பின் நம்பரைப் போட்டால் வரும்" என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. அந்தப் போனை வைத்துவிட்டு நேராக மகனுக்கே போன் செய்யச் சொல்லுங்கள். அதற்குள் பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.