விமானத்தில் இருக்கை மாற்றிக்கொள்ளக் கேட்பதற்கு முன்

விமானத்தின் கதவு மூடப்படுவதற்கு முந்தைய சில நிமிடங்களில், கேபின் பணியாளர்களாகிய எங்களிடம் அடிக்கடி வந்து சேரும் பிணக்கு இருக்கையைப் பற்றியதுதான். குடும்பத்தோடு சேர்ந்து அமர விரும்புவது இயல்பு. அதற்காகச் சக பயணியிடம் கேட்பதிலும் தவறில்லை. ஆனால், கேட்காமலேயே பிறர் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

12ஏ என்று அச்சிட்ட போர்டிங் பாஸுடன் ஒருவர் வருகிறார். ஜன்னலோரத்தில் வேறொருவர் பெல்ட்டைப் பூட்டி, சால்வையை விரித்து, கைபேசியைச் சார்ஜரில் மாட்டி அமர்ந்திருக்கிறார். "பின்னால் என் இடம் இருக்கிறது, அங்கே போய் உட்காருங்களேன்" என்கிறார். வந்தவருக்குப் பின்னால் நடைவழி முழுவதும் பைகளுடன் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். அந்த நெருக்கடியில் அவர் தலையசைத்தால் அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? உங்கள் இருக்கையில் நீங்கள் அமர்ந்து, உரியவர் வந்து பையை வைத்து நிதானமான பிறகு கேட்பதே முறை.

கேட்கும்போது நீங்கள் கொடுக்கும் இருக்கை, வாங்கும் இருக்கைக்குக் குறைந்ததாக இருக்கக்கூடாது. நடைவழியோர இருக்கைக்கு நடைவழியோர இருக்கை, ஜன்னலுக்கு ஜன்னல், இயன்றால் இன்னும் முன்வரிசை. கடைசி வரிசையின் நடு இருக்கையைக் கொடுத்து முன்வரிசை ஜன்னலைக் கேட்பது நியாயமாகாது. பலர் அந்த இடத்துக்கென்று தனிக் கட்டணம் செலுத்தியிருப்பார்கள். முழங்காலை மடக்க முடியாதவர் காலை நீட்டுவதற்கென்றே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். ஒரு காது கேளாதவர், கேட்கும் காது துணைவர் பக்கம் இருக்கும்படி அமர்ந்திருப்பார். காலில் இரத்தம் உறையும் அபாயம் உள்ளவர் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டியிருக்கும். இவற்றை முன்பின் அறியாதவரிடம் விளக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இருவரும் மனமொத்து மாற்றிக்கொண்டாலும் எங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அவசரகால வழியை ஒட்டிய இருக்கையில் குழந்தைகளோ, கைக்குழந்தை வைத்திருப்பவரோ, தேவைப்பட்டால் கதவைத் திறந்து உதவ இயலாதவரோ அமர முடியாது. மூன்று இருக்கைகள் கொண்ட ஒரு பக்க வரிசைக்குப் பல விமானங்களில் நான்கு ஆக்சிஜன் முகமூடிகளே உள்ளன. ஆகவே, அங்கே அமரும் மூவரில் இரண்டு பேர் மடியில் குழந்தை வைத்திருந்தால் ஒரு முகமூடி குறையும். சிறிய விமானங்களில் சிலர் முன்னும் பின்னுமாக இடம் மாறினாலே எடைச் சமநிலைக் கணக்கு மாறிவிடக்கூடும். முன்கூட்டியே கேட்டிருந்த சிறப்பு உணவும் இருக்கை எண்ணை வைத்தே வருகிறது. ஒவ்வாமை உள்ளவருக்கு அது வெறும் வசதி சார்ந்த விஷயமன்று.

சிறு குழந்தை பெற்றோரைப் பிரிந்து அமர நேர்ந்தால் நாங்களே முன்வந்து இடம் தேடுவோம். அவசர வெளியேற்றத்தின்போது பிள்ளையைத் தேடி ஒரு தாய் கூட்டத்துக்கு எதிராக நடந்தால் எல்லோருடைய வழியும் அடைபடும். ஆயினும் விமானத்துக்குள் வந்த பிறகு எங்களால் செய்யக்கூடியது குறைவு. அனைவருக்கும் ஒரே முன்பதிவில் டிக்கெட் எடுப்பது, செக்-இன் தொடங்கியவுடன் இருக்கை எண்களைப் பார்ப்பது, பிரிந்திருந்தால் உடனே விமான நிறுவனத்திடமோ விமான நிலையக் கவுன்ட்டரிலோ சொல்வது ஆகியவை பெரும்பாலான சிக்கல்களை முன்பே தீர்த்துவிடும். தனித்தனி முன்பதிவுகளில் வருபவர்கள் ஒரே குடும்பம் என்பது கணினிக்குத் தெரியாது.

கேட்கப்படுபவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "மன்னிக்கவும், நான் இங்கேயே இருக்க விரும்புகிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். காரணம் தேடித் தவிக்க வேண்டாம். மறுத்தவரைப் பற்றி அவர் காதுபட முணுமுணுப்பதும், குழந்தையை முன்னிறுத்தி மறுபடி மறுபடி கேட்பதும் அவருடைய பயணம் முழுவதையும் கசப்பாக்கிவிடும். அப்படி வற்புறுத்தப்பட்டால் தலைக்கு மேல் உள்ள அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். கதவு மூடப்பட்ட பின் எந்த இருக்கைகள் காலியாக உள்ளன என்பது எங்களுக்குத் தெரியும். உங்களை எழுப்பாமலேயே அவர்களுக்கு இடம் கிடைக்குமா என்று நாங்கள் பார்க்கிறோம்.