45 நாள் குட்டி என்று சொன்னார்கள்

போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். மதுரையில் என் கால்நடைக் கிளினிக்கின் ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது. வில்லாபுரத்திலிருந்து அப்பா, அம்மா, பத்து வயதுப் பெண் பிள்ளை மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். பிள்ளையின் கையில் ஒரு ஷூ பெட்டி. உள்ளே பழைய துண்டு, அதன் மேல் ஒரு ஷிட்சூ இன நாய்க்குட்டி, பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடந்தது. தூக்கினால் தலை நிற்கவில்லை. முன்னங்கால் ஒன்று மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

தராசில் 480 கிராம். உடம்புச் சூடு 95 டிகிரி. 100-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டியது. ஈறு வெளுத்துப் போயிருந்தது. குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை, ‘லோ’ என்ற எழுத்துதான் வந்தது.

“ரெண்டு நாளாத்தான் டாக்டர் வீட்ல இருக்கு. நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு.”

“என்ன கொடுத்தீங்க?”

“பசும்பால். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. சின்ன ஜாதிதானே, வயிறு அவ்வளவுதான இருக்கும்னு…”

“எத்தனை நாள் குட்டி?”

“45 நாள்னு சொல்லித்தான் கொடுத்தாங்க.”

வாயைத் திறந்து பார்த்தேன். முன்பற்களும் கோரைப்பற்களும் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன. பின்னால் கடைவாயில் வெறும் ஈறு. சின்ன இனங்களுக்குப் பல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதையும் கணக்கில் சேர்த்தே சொல்கிறேன், அதற்கு 30 நாளை ஒட்டித்தான் இருக்கும். இன்னும் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டிய உயிரை 15,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

இந்த மாதத்தில் என்னிடம் இப்படி வந்த குட்டிகளில் இது நான்காவது. முதல் மூன்றில் இரண்டு பிழைக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ரொம்பக் கோபம் வரவழைக்கிற ஒரு நம்பிக்கை இருக்கிறது. “சீக்கிரமே கொண்டு வந்துரணும் டாக்டர், அப்பத்தான் நம்மகிட்ட ஒட்டும்.” படித்தவர், படிக்காதவர், கே.கே.நகர், உசிலம்பட்டி என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். தாய் முகம் மறக்குமுன் நம் முகம் பதிய வேண்டுமாம். விற்கிறவருக்கு இது ரொம்ப வசதி. ஒவ்வொரு நாளும் குட்டிக்குத் தீனி போட வேண்டியதில்லை, ஊசிச் செலவு இல்லை, செத்தால் அவர் வீட்டில் சாகப் போவதும் இல்லை. அதனால் அவரும் ஆமாம் ஆமாம் என்கிறார்.

குட்டி மனிதர்களோடு பழகிக்கொள்கிற காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12, 14 வாரம் வரை நீள்கிறது. எட்டு வாரம் முடிந்து கொண்டு வந்தால் உங்களுக்கு இன்னும் நாலிலிருந்து ஆறு வாரம் நேரம் இருக்கிறது, அது தாராளம். அதன் பிறகு கொண்டு வந்தாலும் ஒட்டும். தெருவில் இருந்து தூக்கி வந்த இரண்டு வயது நாய் வீட்டுக்காரர் குரலுக்கு ஓடி வருவதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை தாயும் கூடப்பிறந்த குட்டிகளும் சொல்லிக் கொடுப்பதை நீங்களோ நானோ சொல்லிக் கொடுக்க முடியாது. மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஈன்ற நாயைப் பார்க்கப் போயிருந்தபோது அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குட்டி பல்லால் காம்பை அழுத்திக் கடித்தது, தாய் குலைக்கவில்லை, எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிட்டது. குட்டி பின்னாலேயே போய், இந்த முறை மெதுவாகப் பிடித்தது. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை நாய் இப்படித்தான் படிக்கிறது. அதைப் படிக்காமல் வந்த குட்டிகளைத்தான் ஐந்தாறு மாதத்தில் “கடிச்சுக்கிட்டே இருக்கு டாக்டர், யாருக்காவது கொடுத்துரலாமா” என்று கொண்டு வருகிறீர்கள். ஒட்ட வேண்டும் என்று சீக்கிரம் வாங்கி, ஒட்டவில்லை என்று தள்ளிவிடுகிறீர்கள். இதில் குட்டியின் தப்பு எங்கே இருக்கிறது?

45 நாள் என்பது எப்படியோ ஊரில் ஊன்றிப்போன கணக்கு. அது உண்மையாகவே இருந்தாலும் போதாது. 2017-இல் மத்திய அரசு கொண்டு வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எட்டு வாரம் என்றால் 56 நாள். ஷிட்சூ, மால்டீஸ், சிவாவா, பொமரேனியன் மாதிரிச் சின்ன உடம்புக்காரர்களுக்கு 10 வாரம்வரை தாயிடம் விட்டாலும் நல்லதுதான், நான் அதைத்தான் விரும்புவேன். (நம் ஊரில் பொமரேனியன் என்று வாங்குவதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அதுவும் நல்ல நாய்தான், பொமரேனியன் விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.)

ஆகவே வாங்குமுன் நேரில் போங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். “தாய் வேற ஊர்ல இருக்கு” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். போனில் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி, ராத்திரி ஆம்னி பஸ்ஸில் கூடையில் போட்டு வருகிற குட்டியை விடிகாலையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போய் வாங்குகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். எட்டு மணி நேரம் சாப்பிடாமல், குளிரில், இன்ஜின் சத்தத்தில் வருகிறது. அந்த ஒரு ராத்திரியே அதன் சர்க்கரையைத் தீர்த்துவிடும்.

சர்க்கரை விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பெரிய இனக் குட்டி ஒரு வேளை சாப்பிடாவிட்டால் சிணுங்கும், அவ்வளவுதான். சின்ன இனக் குட்டியின் ஈரலில் சேமிப்பு மிகக் குறைவு, சதையும் குறைவு. ஐந்தாறு மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே போதும், அதிலும் விளையாடிக் களைத்திருந்தால், குளிர்ந்திருந்தால், பேதியாகியிருந்தால் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும். முதலில் தூங்கிக்கொண்டே இருக்கும், “பாவம் டயர்டா இருக்கு” என்று நினைப்பீர்கள். அப்புறம் நடை தள்ளாடும், ஈறு வெளுக்கும், அப்புறம் வலிப்பு. அந்த நேரத்தில் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள். உணர்வில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும். துண்டில் சுற்றி மடியோடு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தேன் தேய்த்ததும் எழுந்து நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் மறுபடி நள்ளிரவில் வருகிறார்கள். எழுந்தாலும் கொண்டு வாருங்கள்.

ஆகவே சின்ன ஜாதிக்குச் சின்னச் சாப்பாடு, ஆனால் நிறைய வேளை. மூன்று மாதம் வரை நாலு வேளையாவது, அரைக் கிலோவை ஒட்டிய குட்டி என்றால் ஐந்து வேளைகூட. ராத்திரி படுக்குமுன் ஒரு வேளை, விடிந்ததும் ஒரு வேளை, இந்த இரண்டும் தவறவே கூடாது. முன்பு இருந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே முதல் ஒரு வாரம் கொடுங்கள், மாற்றுவதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். குட்டிகளுக்கான உலர்தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுத்தால் போதும். பசும்பால் வேண்டாம். வேண்டாம் என்றால் பாக்கெட் பாலும் வேண்டாம், தண்ணீர் கலந்த பாலும் வேண்டாம். பேதியாகும், பேதியானால் சர்க்கரை இறங்கும், மேலே எழுதியதெல்லாம் நடக்கும். பால் பிஸ்கட் சாப்பாடு இல்லை. கால்சியம் டானிக்கை யாரையும் கேட்காமல் ஊற்றாதீர்கள்.

குட்டி வருவதற்கு முந்தின நாளே தரையில் உட்காருங்கள், நிஜமாகவே உட்கார்ந்து அதன் உயரத்தில் இருந்து வீட்டைப் பாருங்கள். சார்ஜர் வயர், கொசுவர்த்திச் சுருள், கரப்பான் சாக்பீஸ், பீரோவுக்கு அடியில் உருண்டு போன பாச்சா உருண்டை, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூரம், எலி மருந்து வைத்த தேங்காய்ச் சில்லு. கடைசியாகச் சொன்னதனால் ஒரு பொமரேனியனை நான் இழந்திருக்கிறேன், வைத்தவருக்கே அங்கே வைத்தது மறந்துபோயிருந்தது. வழவழ டைல்ஸ் மேல் பழைய ரப்பர் பாயோ கோணியோ விரியுங்கள். கட்டிலிலும் சோபாவிலும் ஏற்றிவிட்டு நகராதீர்கள், அங்கிருந்து குதித்தாலே முன்னங்கால் எலும்பு முறிந்துவிடும். சுள்ளி கனம்தான் இருக்கும் அந்த எலும்பு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொஞ்சட்டும், தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

ஏ.சி.யை 18-இல் வைத்துவிட்டு அதே அறையில் வெறும் தரையில் படுக்க வைப்பதும் நம் ஊரில் இப்போது அதிகம். மதுரை வெயிலுக்கு உங்களுக்கு வேண்டியிருக்கிறது, சரி. குட்டிக்கு ஒரு பெட்டி, கம்பளித் துணி, காற்று நேராக அடிக்காத மூலை கொடுங்கள். சப்பை மூக்குப் பக் நாய் வாங்கியவர்களுக்குப் பிரச்சினை நேர்மாறு. அதன் மூக்கு அமைப்புக்குச் சித்திரை வெயில் ஆகவே ஆகாது, காலை ஏழு மணிக்குப் பிறகு வெளியே நடக்கவிடாதீர்கள்.

ஊசி. “கடைக்காரரே போட்டுட்டார்” என்பது தடுப்பூசி இல்லை. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும், அட்டையில் மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும், மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய அட்டையை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், அடுத்தது 3, 4 வார இடைவெளியில், 16 வாரத்தைத் தொடும் வரை. ஏன் இத்தனை என்று கேட்கிறார்கள். தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது, அது எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தீரும் என்று வெளியில் இருந்து தெரியாது, அதனால்தான். வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்ததும். பூச்சி மருந்து எடை பார்த்துத்தான், பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு வாங்கியதில் மிச்சம் ஊற்றக் கூடாது. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தும் அப்படியே, குட்டி மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

ஊசிகள் முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை தெருத் தரையில் விடாதீர்கள். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ சத்தம், குக்கர் விசில், குடை பிடித்த ஆள் எல்லாவற்றையும் காட்டலாம், காட்டவும் வேண்டும். போன வருடம் உங்கள் வீட்டில் ஒரு குட்டி பார்வோ என்கிற ரத்தப்பேதி நோய் வந்து இறந்திருந்தால் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில், சில இடத்தில் வருடம்கூடத் தங்கும். பினாயில் ஊற்றிக் கழுவினோம் என்பீர்கள், பினாயிலுக்கு அது அசையாது. பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். கழுவி, காய்ந்து, குட்டிக்கு ஊசிகள் எல்லாம் முடிந்த பிறகே கொண்டு வருவது நல்லது.

இன்னும் ஒன்று. மூன்று மாதம் ஆகாத, ஊசி போடாத குட்டி பிள்ளையைக் கடித்தாலோ கீறினாலோ “பால் பல்தானே” என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே கூட்டிப் போங்கள். வெறிநோய் ஊசி அங்கே இலவசம். குட்டிக்குக் காய்ச்சல் என்று பிள்ளைக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பைக் கொடுக்காதீர்கள்.

வில்லாபுரத்துக் குட்டிக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றினோம். பன்னிரண்டரைக்குத் தலையைத் தூக்கியது. அந்தப் பிள்ளை பெஞ்சிலேயே தூங்கிப்போயிருந்தாள், அவள் அம்மா மட்டும் தூங்கவே இல்லை. அடுத்த நான்கு நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து குழைத்த தீனியை விரலால் ஊட்டியிருக்கிறார். நேற்று எடை 540 கிராம். என் ஸ்டெதஸ்கோப் குழாயைக் கடித்து இழுக்கிறது.

விற்றவரிடம் அந்த அப்பா பேசியிருக்கிறார். அதே ஈற்றில் இன்னும் மூன்று குட்டிகள் இருந்தனவாம், மூன்றும் அதே வாரம் மதுரைக்குள்ளேயே போய்விட்டனவாம், யார் வீடு என்று சொல்ல மறுக்கிறார். கடந்த பத்து, பதினைந்து நாளில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு ஷிட்சூ குட்டியை “45 நாள்” என்று வாங்கியிருந்தீர்கள் என்றால், இன்றைக்கே வாயைத் திறந்து கடைவாயைப் பாருங்கள், பல் இல்லையென்றால் இப்போதே குழைத்த தீனியை ஊட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கிற மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நாளைக்குப் போகலாம் என்று வைக்காதீர்கள்.