திடப்படுத்தலா, உறுதிப்படுத்தலா?

பாளையங்கோட்டைப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோவில் வாசல்களில் ‘உறுதிப்படுத்தல் ஆராதனை’ என்று பிளக்ஸ் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபை வட்டாரத்தில், இன்னும் ஒரு படி மேலே போய் ‘உறுப்பினர் உறுதிப்படுத்தல் விழா’ என்றே போட்டிருந்தார்கள். ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று செல்போனில் செய்தி வருமே, அந்த மாதிரி இருக்கிறது.

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் பேராயர் கைவைத்து ஜெபிக்கும் சடங்கு இது. இதற்கு நம் சபைகளில் தாத்தா காலத்திலிருந்து புழங்கும் சொல் திடப்படுத்தல். லத்தீனில் ‘ஃபிர்முஸ்’ என்றால் அசையாத, உறுதியான. அதில் பிறந்ததுதான் நம் வீடுகளில் ‘கன்பர்மேசன் எடுத்தாச்சா?’ என்று கேட்கிற கன்பர்மேசன். ‘திடம்’ த்ருட என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வேர் இவ்வளவுதான்.

உறுதிப்படுத்தல்காரர்கள் இரண்டு நியாயம் சொல்லுகிறார்கள். முதலாவது, குழந்தை ஞானஸ்நானத்தில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொன்ன வாக்கை, வளர்ந்த பிள்ளை சபைக்கு முன் தன் வாயால் உறுதிப்படுத்துகிறதாம். இதில் பாதி உண்மை உண்டு. விசுவாசப்பிரமாணம், பத்துக் கட்டளை, பரமண்டல ஜெபம் எல்லாம் படித்துவிட்டு வந்து ‘விசுவாசிக்கிறேன்’ என்று பிள்ளை சொல்லத்தான் செய்கிறது. ஆனால் ஆராதனை அதோடு முடிவதில்லை. வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாகப் பிள்ளைகள் வரிசையாக வந்து முழங்காலிட, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். அந்த ஜெபம் கேட்பது பரிசுத்த ஆவியின் பெலனை. பிள்ளை கொடுப்பது வாக்கு, பெறுவது திடன். சடங்குக்குப் பெயர் வந்தது பெறுவதை வைத்து. அப்போஸ்தலர் 14:22-இல் பவுலும் பர்னபாவும் ‘சீஷருடைய மனதைத் திடப்படுத்தி’னார்கள் என்றுதானே நம் பழைய வேதாகமம் சொல்லுகிறது?

வினையின் போக்கையும் பாருங்கள். செய்தியை உறுதிப்படுத்துவார்கள், தேதியை உறுதிப்படுத்துவார்கள், காய்ச்சல் டெங்குதான் என்று லேபில் உறுதிப்படுத்துவார்கள். ‘பிள்ளையை உறுதிப்படுத்தினார்’ என்று யார் பேசுகிறார்கள்? திடப்படுத்துவதோ ஆளை, மனசை. துட்டி (சாவு) வீட்டில் ‘மனசைத் திடப்படுத்திக்கோம்மா’ என்று சொல்லாத வாய் நெல்லைச் சீமையில் உண்டா?

இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து நமக்கு வந்த ஆங்கிலிக்கன் முறையில் இந்தச் சடங்கைச் செய்யப் பேராயர்தான் வேண்டும். 1877-இல் நெல்லை மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜென்டும் உதவிப் பேராயர்களாகும் வரை அதற்குச் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் அவர் வந்தது பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கவா?

இரண்டாவது நியாயம் தனித்தமிழ்: திடம் வடமொழி, உறுதி தமிழ். வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வந்தால் வடசொல்லும் செய்யுளுக்கு ஆகும் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்துவிட்டார். திடம் அப்படி வந்த சொல்தான். அதை விடுங்கள், அதே பிளக்ஸில் பக்கத்தில் நிற்கும் ‘ஆராதனை’ எந்த ஊர்த் தமிழ்? தூய்மை வேண்டுமென்றால் கத்தோலிக்கர்களைப் போல முழுமூச்சாக இறங்க வேண்டும். அவர்களுடைய ‘உறுதிப்பூசுதல்’ நல்ல சொல். நெற்றியில் கிறிஸ்மா என்ற புனிதத் தைலம் பூசுகிறார்கள், எனவே பூசுதல் பொருந்துகிறது. நம்மிடம் எண்ணெய் இல்லை, கைவைத்தல்தான் உண்டு. அந்தச் சொல்லில் பாதியைப் பிய்த்து வந்து ‘படுத்தல்’ ஒட்டியதில் அவர்களுடைய பொருளும் போயிற்று, நம்முடையதும் போயிற்று.

இந்தக் கோளாறுக்குக் காரணம் தமிழ் தெரியாததுகூட இல்லை. திடப்படுத்தல் என்றாலே நற்கருணை எடுக்கலாம், சங்கக் காணிக்கை கட்டலாம், திருமண்டலத் (பேராயரின் ஆளுகைப் பகுதி) தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்ற கணக்கு மனசில் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் ‘உறுப்பினர்’ என்ற சொல்லும் கூடவே வருகிறது. உறுப்பு என்றால் கை, கால், கண். 1 கொரிந்தியர் 12 சபையாரைக் கிறிஸ்துவின் சரீரத்துக்கு அவயவங்கள் என்கிறது. நாம் அதைக் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக்கிவிட்டோம். காணிக்கை ரசீதில் அப்படிப் போட்டுக்கொள்ளட்டும், அது கணக்கு விவகாரம். ஜெபப்புத்தகத்தை அடுத்த முறை திருத்தி அச்சடிக்கும்போது திடப்படுத்தல் பக்கத்தில் மட்டும் யாரும் கைவைக்காமல் இருந்தால் போதும்.