வாளிக்குள் ஒன்பது தகப்பன்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மீன்வளத் துறையில் வேலை பார்க்கிறேன். கோடையில் ஏரியில் வலை வைத்து மீன்களை அளந்து திரும்ப விடுவதும், குளிர்காலத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து செதிலிலும் காதுக் கல்லிலும் (மீனின் தலைக்குள் இருக்கும் சின்னக் கல்) உள்ள வளையங்களை எண்ணி அவற்றின் வயதைக் கணக்கிடுவதும் என் வேலை.

போன ஜூன் மாதம் ஒரு ஏரியின் படகுத்துறையில் நம் ஊர்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். பேச்சுக் கொடுத்ததும் அந்தத் தம்பி வாளியைத் தூக்கிக் காட்டினார். "அண்ணா, அரை மணி நேரத்துல ஒன்பது. எல்லாம் எட்டு அங்குலத்துக்கு மேல!" ஒன்பதும் ப்ளூகில் என்கிற சிறு நன்னீர் மீன். நெஞ்சு செம்பைத் தேய்த்து வைத்தது போலப் பளபளத்தது. உரிமம் வைத்திருந்தார். இங்கே ஒரு நாளைக்கு 25 வரை எடுக்கலாம் என்பதால் எண்ணிக்கையிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்பதும் ஆண்கள். ஒன்பதும் அன்று காலை வரை கூட்டில் முட்டைக்குக் காவல் இருந்தவை. அதனால்தான் அரை மணி நேரத்தில் ஒன்பது கிடைத்தது.

ப்ளூகில்லை இங்கே பான்ஃபிஷ் வகையில் சேர்ப்பார்கள். பான்ஃபிஷ் என்பது தனி ஒரு இனத்தின் பெயரில்லை. வாணலியில் முழுசாக அடங்குகிற சிறு நன்னீர் மீன்களை அமெரிக்காவில் அப்படிச் சொல்வார்கள். ப்ளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி, மஞ்சள் பெர்ச் எல்லாம் அதில் சேர்த்தி. குழந்தைகள் முதன்முதலில் தூண்டில் பிடித்துப் பழகுவது பெரும்பாலும் இவற்றில்தான். ஒரு சின்ன முள், ஒரு தக்கை, பாதி மண்புழு போதும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ப்ளூகில். தண்ணீர் சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியதும் ஆண் மீன்கள் கரையோர ஆழமில்லாத இடத்துக்கு வரும். வாலால் அடித்து அடித்துச் சேற்றை விலக்கி, தட்டு போல வட்டமாக ஒரு பள்ளம் பறிக்கும். ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல் ஐம்பது, நூறு கூடுகள்கூட இருக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் எல்லாம் தகப்பன் பொறுப்புதான். துடுப்பால் விசிறி முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் ஓட்டும், திருட வரும் மீன்களை விரட்டும், குஞ்சுகள் நீந்திப் போகும்வரை இடத்தை விட்டு நகராது. நம் ஊர்க் குளத்தில் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயே திரியும் விராலைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் ப்ளூகில் பாய்ந்து கடிக்கும். நம் தூண்டில் முள்ளையும் அப்படித்தான் கடிக்கிறது.

அந்தத் தகப்பனை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் கூட்டைக் காலி செய்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய சேதம் பல வருடம் கழித்துத்தான் தெரியும். ப்ளூகில் ஆண்கள் இரண்டு வழிகளில் வளர்கின்றன. ஒரு வகை பல வருடம் பொறுத்திருந்து, உடம்பைப் பெருக்கி, அப்புறம்தான் கூடு கட்டும். இன்னொரு வகை இரண்டு மூன்று வயதிலேயே முதிர்ந்து, சின்ன உடம்போடு அடுத்தவன் கூட்டுக்குள் திடீரென்று புகுந்து விந்தைக் கலந்துவிட்டு ஓடும். கூடு கட்டும் வகையிலும் இளசுகள் பெரிய ஆண்கள் சுற்றிலும் இருக்கும்வரை அவசரப்படுவதில்லை. போட்டியிட்டுப் பயனில்லை என்று வளர்ச்சியில் கவனம் வைக்கும். பெரியவை காணாமல் போனால், அந்த இளசுகள் சீக்கிரமே முதிர்ந்துவிடும். சாப்பிட்டதெல்லாம் உடம்பில் சேராமல் இனப்பெருக்கத்துக்குப் போகும். சில வருடங்களில் ஏரி முழுக்க ஐந்து அங்குல மீன்கள். "முன்னாடி இங்க எவ்வளவு பெருசு கிடைச்சுது தெரியுமா" என்று பெரியவர்கள் சொல்லும் ஏரிகள் பலவற்றின் கதை இதுதான். வடக்கத்திய ஏரிகளில் எட்டு அங்குல ப்ளூகில் ஒன்றின் காதுக் கல்லில் ஆறு, ஏழு வளையங்கள் பார்ப்பது எனக்கு வழக்கம். ஒன்று போனால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்றுக்கு அத்தனை வருடமாகும்.

இதை உணர்ந்துதான் விஸ்கான்சினில் 2016 முதல் சில ஏரிகளில் கூடுகட்டும் மாதங்களான மே, ஜூனில் பிடிக்கும் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்: ஒரு நாளைக்கு மொத்தம் 15, அதிலும் ஒரே இனத்தில் ஐந்துக்கு மேல் கூடாது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் ப்ளூகில் வகைக்குப் பொது வரம்பு 20. ஆனால் பெரிய ப்ளூகில் வளரத் தகுந்த ஏரிகளைத் தேர்ந்தெடுத்து 5 அல்லது 10 என்று வைத்திருக்கிறார்கள். ஏரிக்கு ஏரி விதி மாறும் என்பதால், கிளம்புவதற்கு முன்னால் இணையத்தில் அந்த ஏரியின் பெயரைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எதைத்தான் சாப்பிடுவது? ஆறு முதல் ஏழு அங்குல மீன்களை எடுங்கள். நாலு பேருக்குப் பத்து மீன் தாராளம். செதில் சுரண்டி, குடல் நீக்கி, இரண்டு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவித் தோசைக்கல்லில் முறுக விட்டால் போதும். கெண்டையில் சதைக்குள் ஒளிந்து தொண்டையைப் பயமுறுத்தும் பொடி முள் இதில் கிடையாது. அதனால் நடு முள்ளையும் விலா முள்ளையும் எடுத்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். பிடித்தவுடன் ஐஸில் போடுவது முக்கியம். வெயிலில் வாளித் தண்ணீரில் கிடந்தால் சதை கொழகொழத்துவிடும்.

சாப்பிட என் முதல் தேர்வு மஞ்சள் பெர்ச்சுதான். விஸ்கான்சினின் வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளில் பல தலைமுறையாக இதற்குத் தனி இடம். 1990களில் மிச்சிகன் ஏரியில் இதன் எண்ணிக்கை சரிந்து, இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. அரியும்போது சதையில் மஞ்சள் புழுவோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் பதற வேண்டாம். அவை மீனின் ஒட்டுண்ணிகள். நன்றாக வெந்தால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை, பிடிக்காவிட்டால் கத்தி முனையால் எடுத்துப் போட்டுவிடலாம்.

கிராப்பியின் வாய் காகிதம் போல மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளையிட்டு முப்பது அடி ஆழத்திலிருந்து தூக்கும் கிராப்பியைத் திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அழுத்தம் சட்டென்று குறைவதால் காற்றுப்பை உப்பி உள்ளுறுப்புகள் சேதமாகலாம். அங்கே பிடித்துப் பிடித்து விடுவதைவிட, தேவையான எண்ணிக்கை வந்ததும் நிறுத்திக்கொள்வதுதான் அந்த மீனுக்குச் செய்யும் நன்மை.

பார்த்து ரசிக்க பம்ப்கின்சீட். கன்னத்தில் நீல அலைக்கோடுகள், செவுள் மூடியின் ஓரத்தில் குங்குமம் வைத்தது போல ஒரு சிவப்புப் புள்ளி. தொண்டைக்குள் இருக்கும் தட்டையான பற்களால் நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்னும். நான் இதைச் சாப்பிடுவதே இல்லை, கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

கர்ப்பிணிகள் பாதரசத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். மற்ற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களில்தான் அது அதிகம் சேரும். பூச்சியும் புழுவும் தின்னும் சிறு மீன்களில் குறைவு. விஸ்கான்சினின் பொது அறிவுரைப்படி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ப்ளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் போன்றவற்றை வாரம் ஒரு வேளை சாப்பிடலாம். சில ஏரிகளுக்கு மட்டும் இன்னும் கடுமையான கட்டுப்பாடு உண்டு.

உயிரோடு கொண்டுபோய் வீட்டுக் குளத்தில் விடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, இங்கே சட்டப்படியும் குற்றம். 1960-ல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கு சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி சில ப்ளூகில்களைப் பரிசாகக் கொடுத்தார். அவற்றின் வாரிசுகள் ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவரை பரவி அங்குள்ள மீன்களைப் பெரிதும் பாதித்தன. 2007-ல், அப்போது பேரரசராக இருந்த அகிஹிட்டோ அதற்காகப் பொதுமேடையில் வருத்தம் தெரிவித்தார்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கூட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். மீன்களில் ஆறு இன்னும் சுறுசுறுப்பாக இருந்தன. கையை நனைத்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே ஒவ்வொன்றாக விட்டார். அவருடைய பையன் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு மீன் வந்து ஒரு பள்ளத்தின் மேல் நின்று துடுப்பை அசைக்க ஆரம்பித்தது.

"அங்கிள், அது சாப்பிடப் போகாதா?"

"குஞ்சுங்க கிளம்புற வரைக்கும் பெருசா சாப்பிடாதுப்பா" என்றேன்.